போர்வையும் கூரையும்

குளிரில் நடுங்குகிறவனைக் கண்டு இரங்கி ஒருவன் தன் மேலாடையைக் கழற்றிக் கொடுத்தான் என்று எழுதுவதைப்போலச் சுலபமான காரியம் கதையுலகில் வேறு இல்லை. எழுதத் தெரியாதவன் எழுதினாலும் அந்தக் காட்சி வாசகனைத் தொட்டுவிடும். பனி, இருட்டு, சாத்திய கதவுகள், ஜன்னலுக்குள்ளே தெரிகிற விளக்கு, இவ்வளவும் இருந்துவிட்டால் பாதிக் கதையைக் குளிரே எழுதிவிடுகிறது. படித்து முடித்ததும் நமக்கு ஒரு திருப்தி உண்டாகிறது. நாமே யாருக்கோ எதையோ கொடுத்துவிட்டாற்போல இருக்கிறது. ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கிற இந்தத் திருப்தியைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

தமிழ் வாசகனுக்கு இதிலே இன்னொரு சங்கடமும் உண்டு. நமக்கு மார்கழிப் பனி தெரியும். விடியற்காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் சமாளித்துவிடக்கூடிய பனி அது. இரவு வெளியே படுத்தவன் காலையில் எழுந்திருக்க மாட்டான் என்கிற குளிர், நம்மில் பெரும்பாலோருக்குப் புஸ்தகங்களின் மூலம் அறிமுகமான குளிர்தான். ஆகவே அதை அழகாக நினைத்துக்கொள்வது நமக்குச் சுலபமாகிவிடுகிறது. வீடு வாசல் இல்லாதவனுக்குக் குளிர்காலத்தில் செய்யக்கூடிய உதவி என்ன, அதை உள்ளபடி எழுதிக் காட்டியவர்கள் யார், அழகாக எழுதி நம்மை ஏமாற்றிவிட்டவர்கள் யார் என்று பார்ப்பது இலக்கிய விசாரணையாகவும் இருக்கும், கொஞ்சம் ஆத்ம விசாரணையாகவும் இருக்கும்.

நம்முடைய பழைய இலக்கியத்திலேயே இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத் தெரியாதவர்கள் இல்லை. மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். வள்ளல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மயிலுக்கு உண்மையிலேயே குளிர்ந்ததா, போர்வை அதற்குப் பயன்பட்டதா என்று கேட்பது ரஸிகத்தனம் ஆகாதுதான். ஆனால் புறநானூறு அந்தக் கதையை அத்துடன் விட்டுவிடவில்லை. பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தவன். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய், எங்களுக்குப் பொன்னும் பொருளும் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ, அதுவே நாங்கள் கேட்கும் பரிசு என்கிற பொருள்படப் பாடியிருக்கிறார்கள். பரணர் ஒரு பாட்டிலே மயில் போர்வை பெற்ற செய்தியையும், வீட்டிலே ஒருத்தி துயரப்படுகிற செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதற்குமேல் விமரிசனமாக எதுவும் அவர் சொல்லவில்லை. போர்வை கொடுப்பது வேறு, தன் கூரையின்கீழ் யாருக்கு இடம் என்பது வேறு என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், குளிரைப் பற்றி எழுதப்பட்ட பிரசித்தமான கதைகளில் பல, இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் இறங்கிவிடுகின்றன, ஒன்றிரண்டு ஏறிவிடுகின்றன.

இறங்குகிறவற்றில் முதலாவது ஆண்டர்ஸன் 1845-ல் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை. வருஷத்தின் கடைசி இரவில், விற்காத தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் குளிர் காய்ந்தபடி அந்தக் குழந்தை இறந்துபோகிறது. ஒவ்வொரு குச்சியின் வெளிச்சத்திலும் ஒரு காட்சி: அடுப்பு, விருந்து, மரம், கடைசியில் பாட்டி. கைதேர்ந்த எழுத்து என்பதில் ஆக்ஷேபம் இல்லை. ஆனால் கதை முழுவதிலும் அந்தக் குழந்தைக்காக ஒரு கதவும் திறக்கவில்லை என்பது நமக்கு உறைப்பதேயில்லை. பாட்டி வந்து அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு புஸ்தகத்தை மூடிவிடுகிறோம். செத்துப்போனது நல்லதாயிற்று என்று வாசகனை எண்ண வைத்துவிடுகிற கதை, எத்தனை அழகாக இருந்தாலும், எங்கோ தப்புச் செய்துவிட்ட கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாஸ்தாவெஸ்கி 1876-ல் கிட்டத்தட்ட இதே கதையை எழுதினார். ஒரு பெரிய நகரத்தில் ஒரு சின்னப் பையன். நிலவறையில் தாய் இறந்து கிடக்கிறாள். கிறிஸ்துமஸ் காலத்துத் தெருவிலே அவன் அலைகிறான். விறகுக் குவியலுக்குப் பின்னால் உறைந்துபோகிறான். கிறிஸ்துவின் விழா மரத்தைக் கனவில் காண்கிறான். முடிவு ஆண்டர்ஸனின் முடிவுதான். ஆனால் நடுவில் இரண்டு சின்ன விஷயங்கள் இருக்கின்றன. அந்த வழியாக வருகிற போலீஸ்காரன், பையனைக் காணாததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். விருந்து நடக்கிற ஒரு வீட்டுக்குள் பையன் நுழைந்துவிடும்போது, ஒரு சீமாட்டி அவசர அவசரமாக அவன் கையில் ஒரு கோபெக் காசைத் திணித்து, அவளே கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடுகிறாள். குளிரில் விறைத்துச் சிவந்துபோன விரல்களால் அந்தக் காசைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. அது நழுவிப் படிகளில் கலகலவென்று உருண்டு போகிறது.

கனவு முழுவதையும்விட அந்தக் காசின் சப்தம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொடுத்தவள் கெட்டவள் அல்ல. கொடுத்துத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் கொடுத்ததை வாங்கிக்கொள்ளக்கூட முடியாத நிலையில் கை இருக்கிறது என்பதை அவள் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்திருந்தாளானால் தெரிந்திருக்கும். தர்மம் எங்கே தவறிப்போகிறது என்பதை ஒரு காசை வைத்தே சொல்லிவிடுகிறவன்தான் கலைஞன்.

டால்ஸ்டாயிடம் வரும்போது விஷயம் இன்னும் விரிவாகிறது. மனிதர்கள் எதனால் வாழ்கிறார்கள் என்ற அவருடைய கதை தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான். நாடோடியாகக் கதை சொல்லி வந்த ஒருவர் 1879-ல் சொல்லக் கேட்டு, 1881-ல் அதை எழுதி வெளியிட்டார் அவர். அதிலே வருகிற தேவதூதனை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு என்னவோ தேவதூதனைவிட அந்த வீட்டுக் கணக்குத்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

செருப்புத் தைக்கிற ஸெம்யானுக்குச் சொந்த வீடு கிடையாது, நிலம் கிடையாது. அவனுக்கும் அவன் மனைவி மத்ரியோனாவுக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆட்டுத்தோல் கோட்டு, அதுவும் கந்தல். புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளத் தோல் வாங்க வேண்டும் என்று இரண்டாவது வருஷமாகச் சேர்த்து வருகிறார்கள். பெட்டியில் 3 ரூபிள் இருக்கிறது. ஊரார் தர வேண்டிய பாக்கி 5 ரூபிள் 20 கோபெக். வசூலிக்கப் போன ஸெம்யானுக்கு 20 கோபெக்தான் கிடைக்கிறது. அதையும் குடித்துவிட்டுத் திரும்புகிறான். வழியில் ஒரு கோவில் ஓரத்தில் உடம்பில் துணியில்லாமல் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். ஸெம்யான் முதலில் செய்கிற காரியம், நமக்கேன் வம்பு என்று தாண்டிப் போவதுதான். பிறகு மனசு கேட்காமல் திரும்புகிறான். தன் மேலங்கியை அவனுக்கு மாட்டுகிறான். குல்லாயையும் கழற்றிவிட்டு யோசிக்கிறான்: நமக்கோ வழுக்கை, அவனுக்கோ சுருட்டை முடி அடர்ந்திருக்கிறது. குல்லாயைத் தன் தலையிலேயே திரும்ப வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகக் காலுக்குப் போட யாரோ பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கம்பளி பூட்ஸைக் கொடுக்கிறான்.

இந்தக் குல்லாய் விவகாரத்திற்காகவே டால்ஸ்டாயின் காலில் விழலாம். சாமானிய கதாசிரியன் ஒருவன் ஸெம்யானைக் கர்ணனாக ஆக்கியிருப்பான். குல்லாய், அங்கி, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றவைத்து, அவனைப் பனியில் நிற்கவைத்து, நம்மை அழவைத்திருப்பான். டால்ஸ்டாயின் ஸெம்யான் கொடுக்கும்போதே கணக்குப் பார்க்கிறான். யாருக்கு எது அதிகம் தேவை என்று பார்க்கிறான். குளிரில் கால்தான் முதலில் போகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உதவுகிறவனுக்கு வேண்டிய அறிவு இதுதான். அது கருணைக்குக் குறைவானது என்று நினைக்கிறவர்கள் யாருக்கும் உண்மையாக உதவி செய்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த காட்சி இன்னும் உயர்ந்தது. வீட்டிலே மத்ரியோனா ரொட்டியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குச் சுடுவதா, இருப்பதை நாளைக்கும் வைத்துக்கொண்டு ஓட்டுவதா? அந்தச் சமயத்தில் புருஷன் குடித்த வாடையோடு, தோலும் வாங்காமல், ஊர் பேர் தெரியாத ஒருவனையும் அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். அவள் கத்துகிறாள். கத்தாமல் என்ன செய்வாள்? அந்த வீட்டில் கருணை என்று ஒன்று நடக்குமானால் அதற்கு விலை கொடுக்கப்போகிறவள் அவள்தானே. பிறகு அவள் மனம் இளகுகிறது. இருந்த ரொட்டியை வைக்கிறாள். பழைய சட்டையையும் நிஜாரையும் எடுத்துக் கொடுக்கிறாள். இரவு படுத்தபின் தூக்கம் வரவில்லை. கடைசி ரொட்டி போய்விட்டது, துணியும் போய்விட்டது என்று ஒரு பக்கம் துக்கம். வந்தவன் தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நினைத்து ஒரு பக்கம் சந்தோஷம். மறுநாள் காலையில் அவள் பக்கத்து வீட்டுக்கு ரொட்டிக் கடன் வாங்கப் போயிருக்கிறாள். ஸெம்யான் வந்தவனிடம், உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டு, தெரியாது என்றதும், நூல் முறுக்கக் கற்றுக்கொடுக்கிறான்.

மறுநாள் காலை என்பது இந்தக் கதையில் இருக்கிறது, மற்றக் கதைகளில் இல்லை. போர்வை கொடுத்த இடத்தில் மற்றவர்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். டால்ஸ்டாய் அங்கே ஆரம்பிக்கிறார். எங்கே படுப்பான், நாளைக்கு என்ன சாப்பிடுவான், என்ன வேலை செய்வான், வீட்டுக்காரி என்ன சொல்லுவாள்? கருணை ஓர் உணர்ச்சியாக இருந்து ஏற்பாடாக மாறுகிற இடம் இது. பின்பாதியில் வந்தவன் தேவதூதன் என்று தெரிகிறது. அவன் வாயிலிருந்து போதனைகள் வருகின்றன. கதையின் மதிப்பு அங்கே குறைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். தேவதூதனுக்கு இடம் கொடுத்தால் லாபம் உண்டு என்று யாரோ சொல்லிவிட்டாற்போல ஆகிவிடுகிறது. வந்தவன் கடைசிவரைக்கும் வெறும் மனிதனாகவே, சிடுசிடுப்பும் சோம்பலும் உள்ளவனாகவே இருந்திருந்தால், மத்ரியோனாவின் ரொட்டி இன்னும் பெரிய ரொட்டியாக இருந்திருக்கும்.

டால்ஸ்டாய்க்கும் அந்த ஆட்சேபம் வாழ்க்கையிலேயே வந்துசேர்ந்தது. அதே 1881-ஆம் வருஷம் அவர் குடும்பம் மாஸ்கோவுக்குக் குடி வந்தது. டிஸம்பரில் ஒரு நாள் மாலை, உறைகிற குளிரும் காற்றுமாக இருக்கும்போது, நகரத்து ஏழைகளைப் பார்க்கவேண்டும் என்று அவர் கிளம்பிப் போனார். லியாபின் இல்லம் என்று இலவசமாக இரவில் படுக்க இடம் கொடுக்கிற ஒரு விடுதி. அதன் வாசலில் கதவு திறப்பதற்காக ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனோடு பேச ஆரம்பித்தார். தெருவில் விற்கிற ஸ்பிட்டென் என்கிற, தேனும் மசாலாவும் சேர்த்துக் காய்ச்சிய சூடான பானத்தை வாங்கிக் கொடுத்தார். கூட்டம் சேர்ந்தது. விற்பவனிடமிருந்த பானம் முழுவதையும் வாங்கிக் கொடுத்துத் தீர்த்தார். பிறகு காசு கொடுக்க ஆரம்பித்தார். நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தது கூட்டம். உள்ளே போய் அவர்கள் படுக்கிற பலகைகளைப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு வீடு திரும்பினார். கம்பளம் விரித்த மாடிப்படி ஏறி, வெள்ளைக் கையுறை போட்ட வேலைக்காரர்கள் பரிமாற, ஐந்து விதப் பதார்த்தங்களோடு சாப்பிட உட்கார்ந்தார்.

நாம் செய்ய வேண்டுவது என்ன என்ற நூலில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். 1882-லிருந்து 1886 வரையில் எழுதிய நூல் அது. பாரிஸில் 1857-ல் ஒருவன் தலையை வெட்டக் கண்டபோது, இதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று தோன்றியதுபோலவே அன்றும் தோன்றியது என்கிறார். தன்னிடம் இரண்டு கோட்டு இருந்து இன்னொருவனிடம் ஒன்றுகூட இல்லாதவரையில் தான் ஒரு குற்றத்திற்கு உடந்தை என்கிறார். 1882 ஜனவரியில் மாஸ்கோவில் மூன்று நாள் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதிலே தானும் சேர்ந்துகொண்டு, கணக்கெடுக்கிற போதே ஏழைகளைக் கண்டுபிடித்து உதவுவது என்று ஒரு திட்டம் போட்டார். பணக்காரர்கள் ஆயிரக்கணக்கான ரூபிள் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் அவர் கையில் விநியோகத்துக்கு நின்றது 37 ரூபிள். கூட வேலை செய்த மாணவர்கள் கொடுத்தது 12, அவர் செய்த கணக்கெடுப்பு வேலைக்கு நகரசபை அனுப்பிய கூலி 25. அந்த 37 ரூபிளையும் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடியதை அவர் மறைக்கவில்லை. ஏழைகள் நிறைந்த ர்ஷானோவ் விடுதியில் அறை அறையாகப் புகுந்து பார்த்தால், பெரும்பாலோர் வேலை செய்து பிழைக்கிறவர்களாக இருந்தார்கள். உடனடி உதவி தேவைப்பட்டவர்களுக்கு, பக்கத்தில் இருந்தவர்கள் முன்பே உதவிவிட்டிருந்தார்கள். மீதிப் பேருக்குப் பணம் ஒரு மருந்தாக இல்லை.

உலக இலக்கியத்தில் ஒரு பெரிய எழுத்தாளன் தன் தோல்வியை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு எழுதி வைத்தது வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கதையில் வெற்றி பெற்ற கருணை தெருவில் ஏன் தோற்றது? கதையிலே கொடுத்தவன் ஒரே கோட்டு உள்ளவன்; வந்தவனோடு ஒரே கூரையின்கீழ் படுத்தவன். தெருவிலே கொடுத்தவர் ஐந்து பதார்த்தத்துக்குத் திரும்பிப் போகிறவர். வித்தியாசம் மனசில் இல்லை. டால்ஸ்டாயின் மனசு ஸெம்யானின் மனசுக்குக் குறைந்ததல்ல.

இதை அவரே ஓர் அற்புதமான இடத்தில் சொல்லுகிறார். விறகு அறுக்கிற ஒரு விவசாயியோடு அவர் சேர்ந்து வேலை செய்து வந்தார். அவன் பெயரும் ஸெம்யான் என்றே அமைந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை திரும்பி வரும் வழியில் ஒரு கிழவன் பிச்சை கேட்கிறான். ஸெம்யான் 3 கோபெக் நாணயம் ஒன்றைக் கொடுத்து, 2 கோபெக் பாக்கி கேட்கிறான். கிழவனிடம் சரியான சில்லறை இல்லை. ஸெம்யான் ஒரு விநாடி யோசித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, மூன்றையும் விட்டுவிட்டுப் போகிறான். டால்ஸ்டாய் 20 கோபெக் கொடுத்தார். பிறகு கணக்குப் போட்டார். ஸெம்யானின் சேமிப்பு 6 ரூபிள் 50 கோபெக்; தன்னுடையது 6 லட்சம் ரூபிள். அவன் கொடுத்த விகிதத்தில் கொடுப்பதானால் தான் 3,000 ரூபிள் கொடுத்து 2,000 பாக்கி கேட்டிருக்க வேண்டும்! இதைப் படித்துச் சிரிக்காதவன் மனிதனல்ல. சிரித்துவிட்டுத் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளாதவனும் மனிதனல்ல.

ஆனால் இதிலிருந்து டால்ஸ்டாய் வந்துசேர்ந்த முடிவை நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. பணம் படைத்தவன் செய்கிற தர்மம் எல்லாம் வீண், தீமையைக் கூட்டுகிற காரியம் என்கிற வரைக்கும் அவர் போய்விடுகிறார். லியாபின் இல்லத்து வாசலில் அன்று ஸ்பிட்டென் குடித்தவன் அப்படி நினைத்திருக்க மாட்டான். அவன் கை கொஞ்ச நேரமாவது சூடாயிற்று. தாஸ்தாவெஸ்கியின் பையனுக்கு அந்தச் சூடு கிடைத்திருந்தால் காசு நழுவியிருக்காது. கொடுத்தவனுக்கு வெட்கம் உண்டாயிற்று என்பது கொடுத்தவனுடைய கஷ்டம். அதற்காகப் பானத்தைக் கொட்டிவிட முடியாது.

ஏழைக்கு ஏழைதான் துணை என்று சொல்லிவிட்டு நாம் விலகிக்கொள்ளவும் அந்த நூலே இடம் கொடுப்பதில்லை. அதே ர்ஷானோவ் விடுதியில் துணி வெளுக்கிற ஒருத்தி இருந்தாள். நோய், இரவெல்லாம் இருமல். கூட இருந்தவர்களால் தூங்க முடியவில்லை. வாடகையில் 60 கோபெக் பாக்கி. வெளியேற்றப்பட்டாள். போக்கிடம் இல்லாமல் திரும்பிவந்து வாசலில் விழுந்து செத்தாள். துரத்தியவர்கள் அரக்கர்கள் அல்ல. அவர்களுக்கும் மறுநாள் வேலைக்குப் போகவேண்டும், அதற்குத் தூக்கம் வேண்டும். இடம் விட்டவளுக்கு வாடகை வேண்டும். மத்ரியோனாவுக்குக் கடன் கொடுக்கப் பக்கத்து வீட்டில் ரொட்டி இருந்தது. அங்கே யாரிடமும் இல்லை. அந்த நிலையில் ஊர்தான் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். லியாபின் இல்லங்கள் போதவில்லை என்று குறை சொல்லலாம். வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இதுவரையில் பேசியதெல்லாம் கொடுக்கிறவன் பக்கம். வாங்கிக்கொள்கிறவனுக்கும் ஒரு பக்கம் உண்டு என்று எழுதியவர்கள் மிகவும் சிலர். ஓ. ஹென்றி 1904-ல் எழுதிய சோப்பியின் கதையைச் சிரிப்புக் கதையாகவே படித்துவிடுகிறோம். நியூயார்க்கில் ஒரு பார்க்குப் பெஞ்சில் படுக்கிறவன் சோப்பி. முந்தின இரவு மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளை உடம்பைச் சுற்றி வைத்துக்கொண்டும் குளிர் தாங்கவில்லை. குளிர்காலத்துக்கு மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிடலாம் என்று தீர்மானித்து, போலீஸார் பிடித்துக்கொண்டு போவதற்காக என்னென்னவோ செய்கிறான், பிடிக்கமாட்டேன் என்கிறார்கள். தர்ம விடுதிகள் இருக்கும்போது ஜெயில் ஏன்? தர்மம் கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் அவமானமாக ஒரு விலை கேட்கிறது. சட்டம் அந்தரங்கத்தைக் குடைவதில்லை என்பது அவன் கட்சி. சிரிப்பு இந்த இடத்தில் கசந்துபோகிறது. உபகாரத்தைவிடத் தண்டனை கௌரவமானது என்று ஒருவன் நினைப்பானானால், உபகாரம் செய்கிறவர்கள் அல்லவா யோசிக்க வேண்டும்?

கதையாகச் சொன்னதை ஜார்ஜ் ஆர்வெல் நேரில் போய்ப் பார்த்தார். பாரிஸிலும் லண்டனிலும் இல்லாதவர்களோடு இல்லாதவராக அலைந்ததைப் பற்றி 1933-ல் அவர் வெளியிட்ட நூலிலே, இங்கிலாந்தின் நாடோடிகள் இரவு தங்கும் விடுதிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே விடுதியில் மாதத்துக்கு ஒரு தடவைக்குமேல் தங்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே ஒவ்வொரு நாளும் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். ஊர்சுற்றிச் சோம்பேறிகள் என்று அவர்களைத் திட்டுகிறவர்களுக்கு, அவர்களை ஊர் சுற்ற வைத்ததே சட்டம்தான் என்பது தெரியாது. டீயும் ரொட்டியும் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஜபம் செய்யவைக்கிற ஒரு மாதாகோவிலைப் பற்றியும் சொல்லுகிறார். டீ குடித்தவர்கள் அங்கே நன்றி காட்டவில்லை, கேலி செய்தார்கள்.

ஆனால் அதே நூலில் இன்னொரு பாதிரியாரும் வருகிறார். தேம்ஸ் நதிக்கரையில் இரவில் சாப்பாட்டுச் சீட்டுக் கொடுப்பவர். கூச்ச சுபாவம், வரிசையாகச் சீட்டைக் கொடுத்துக்கொண்டே போய்விடுகிறார், நன்றி சொல்லக்கூட நிற்பதில்லை. அவர்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. இவர் ஒருநாளும் பிஷப்பாக ஆகமாட்டார் என்று ஒருவன் சொல்கிறான். அதைவிடப் பெரிய பாராட்டு அவர்களுக்குத் தெரியாது. நன்றியை எதிர்பார்த்து நிற்காததே அந்த மனிதர் கொடுத்த சீட்டைவிடப் பெரிய உபகாரம். நம் ஊர்களில் மேடை போட்டு, மாலை போட்டு, கம்பளி வாங்குகிற கிழவியின் முகத்தைப் போட்டோப் படத்துக்குத் திருப்பி நடத்துகிற வைபவங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூச்சக்காரப் பாதிரியார் ஞாபகத்துக்கு வருகிறார்.

இந்தியாவிலும் கொல்லுகிற குளிர் உண்டு. டில்லியில் நடைபாதையில் படுக்கிறவர்களுக்கு அது தை மாதத்துச் செய்தி, இலக்கியச் செய்தியல்ல. 2010-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இரவு விடுதிகளை ஏற்படுத்தும்படி அரசாங்கங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. லட்சம் ஜனத்தொகைக்கு 100 பேர் தங்கக்கூடிய விடுதி ஒன்று என்று ஒரு கணக்கும் வகுக்கப்பட்டது. கணக்கு என்றால் நம் வாசகர்களுக்குக் கவிதை இல்லாத விஷயம். ஆனால் மத்ரியோனாவின் ரொட்டியும் கணக்குத்தான். ஸெம்யானின் குல்லாயும் கணக்குத்தான். ஈரமில்லாத கால் உறை, தரைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு சாக்கோ அட்டையோ, சூடாக ஒரு பானம், உள்ளே வைத்த மூட்டை காலையில் அப்படியே இருக்கும் என்கிற நம்பிக்கை, பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு குரல். குளிரில் இருப்பவனுக்கு வேண்டியவை இப்படிச் சின்னச் சின்னவையாகத்தான் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளக் கிட்டே போய் நிற்க வேண்டும். நல்ல கதையும் அப்படிக் கிட்டே போய் நின்று எழுதியதுதான்.

இனிமேல் இந்த மாதிரிக் கதை ஒன்று கையில் கிடைத்தால் நாம் அழுவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையில் அவன் எங்கே இருந்தான்? அதற்குப் பதில் இல்லாத கதை எத்தனை பிரசித்தமானதாக இருந்தாலும் போகட்டும். பதில் உள்ள கதை கிடைத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம். வீட்டில் கூடுதலாக இருக்கிற போர்வையை மட்டும் அப்படிப் பத்திரப்படுத்த வேண்டாம்.